"வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்": அடிபட்டு வரும் பெண்ணிடம் எப்படிக் கேட்பது, எதை எழுதுவது

கொங்குப் பக்கம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. 2008, ஐப்பசி மழை. ராத்திரி பதினோரு மணி இருக்கும். தறி ஓட்டுகிற பெண், இருபத்தைந்து இருபத்தாறு வயது, இடது முன்னங்கை வீங்கி வந்தாள். கூடவே வீட்டுக்காரர். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாளுங்க." நான் அவளைப் பார்த்து, "வழுக்கி விழுந்துட்டியா கண்ணு?" என்றேன். தலையை ஆட்டினாள். டியூட்டி டாக்டரும் விபத்துப் பதிவேட்டில், நாங்கள் ஏ.ஆர். என்று சொல்வதில், அப்படியே எழுதினார். எக்ஸ்ரே எடுத்தோம், கட்டுப் போட்டோம், ஒரு வலி ஊசி, மாத்திரை. வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு வக்கீலோடு வந்தாள், ஏ.ஆர். காப்பி கேட்டு. வக்கீல் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இதைக் கோர்ட்டுல குடுத்தா நமக்கு எதிராத்தாம்மா போகும்" என்றார். அவள் என் மேல் கோபப்படவே இல்லை. "நீங்க விழுந்தியான்னுதானே கேட்டீங்க சிஸ்டர். வேற எதும் கேக்கலியே" என்றாள்.

அந்த எக்ஸ்ரே எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. உடைந்தது மணிக்கட்டு இல்லை. முன்னங்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் எலும்பு, நட்டநடுவில். வழுக்கி விழுகிறவர் கையைத் தரையில் ஊன்றுவார். அதனால் பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டித்தான் உடையும். அடி வரும்போது முகத்தைக் காப்பாற்றக் கையைத் தூக்கினால், அடி நேராக விழுகிற இடம் அந்தச் சுண்டுவிரல் பக்க எலும்பு. அந்த எக்ஸ்ரேயை நானும் டாக்டரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இருவருமே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கும் பயிற்சி டாக்டர்களுக்கும் வாயால் சொல்லி வருகிறேன். எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கேஷுவாலிட்டி, பிரசவ வார்டு, ஆரம்ப சுகாதார நிலையம், மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன கிளினிக் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில் அது 29.3. அதாவது காலை ஓ.பி.யில் உங்கள் முன்னால் வரிசையில் நிற்கிற பத்துப் பேரில் நான்கு பேருக்குக் கொஞ்சம் குறைவு. அவர்களில் காயத்தோடு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. தலைவலி, வயிற்று வலி, தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு என்று மறுபடி மறுபடி ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு வருவார்கள். நாமும் சத்து மாத்திரையும் ஜெலுசிலும் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருப்போம்.

காயத்தோடு வந்தால் சொல்லும் கதையையும் காயத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். படியில் உருண்டவருக்கு முழங்கால், முழங்கை, நெற்றி என்று எலும்பு துருத்திய இடங்களில் அடிபடும். காதுக்குப் பின்னால், மேற்கையின் உள்பக்கம், முதுகு, மார்பு, தொடையின் உள்பக்கம், இங்கெல்லாம் விழுந்து அடிபடுவது கஷ்டம். மேற்கையில் விரல் பதிந்த மாதிரி நாலைந்து சின்னக் கன்றல்கள் இருந்தால், யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒன்று கருநீலமாகவும் இன்னொன்று மஞ்சள் பாய்ந்தும் இருந்தால் வேறு வேறு நாளில் பட்டதா என்று கேட்கத் தோன்ற வேண்டும். நிறத்தை வைத்து இத்தனை நாள் ஆன காயம் என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அது ஆளுக்கு ஆள் மாறும். பார்த்த நிறத்தை மட்டும் எழுதுங்கள்.

காயம் பட்டது முந்தாநாள், வந்தது இன்றைக்கு என்றால் நடுவில் யார் தடுத்தார்கள் என்று யோசியுங்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பரிசோதனைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர் இரண்டு தவணை வராமல் மூன்றாவது தவணை வந்தால், "ஏன் வரலை?" என்று அதட்டுவதற்கு முன்னால் முகத்தைப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் வயிற்றில் விழும் அடியைப் பற்றி எந்தப் பெண்ணும் தானாக வந்து சொல்லி நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொன்று உண்டு, சாணிப் பவுடர். வாசல் தெளிக்கிற மஞ்சள், பச்சைப் பொடி. அதைக் கரைத்துக் குடித்துவிட்டு வரும் பெண்கள், அரளி விதை அரைத்துக் குடித்துவிட்டு வரும் பெண்கள். குழாய் விட்டு வயிற்றைக் கழுவி, உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டு, "இப்படிப் பண்ணலாமா, பிள்ளையை நினைச்சுப் பாத்தியா?" என்று நாலு திட்டு திட்டுவது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதை விடுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவர் தெளிந்ததும், தனியாக இருக்கும்போது, வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஸ்டவ் வெடித்தது என்று சொல்லித் தீக்காயத்தோடு வருகிறவரிடமும் அப்படித்தான். மூச்சுக்குழாய் வீங்கிப் பேச்சு நின்றுபோவதற்குள் வாக்குமூலம் பதிய வரச் சொல்லி, டாக்டரைக் கொண்டு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் அனுப்பச் செய்யுங்கள். விடியட்டும் என்று தள்ளிப் போட்டு, அவர் பேச முடியாமல் போன ஒரு ராத்திரி என் கணக்கில் இருக்கிறது.

முதலில் ஆளைப் பிரியுங்கள்

கேள்வியை விட முக்கியம், கேட்கும் இடம். வீட்டுக்காரர், மாமியார், நாத்தனார், பெற்ற தாய் உட்பட யார் பக்கத்தில் இருந்தாலும் கேட்காதீர்கள். அம்மாவே "சும்மா இரு, நாளைக்கு அந்த வீட்டுலதானே வாழணும்" என்று கையைக் கிள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ஆளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் பதிலும் கிடைக்காது, வீட்டுக்குப் போனதும் அந்தக் கேள்விக்கே தனியாக அடி விழும்.

பிரிப்பதற்குச் சண்டை வேண்டாம். யூரின் டெஸ்ட் எடுக்கணும் என்று சொல்லிப் பெண்கள் கழிவறைப் பக்கம் கூட்டிப் போங்கள். ஊசி போட லேடீஸ் அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது என்று சொல்லுங்கள். வீட்டுக்காரரை ஓ.பி. சீட்டு போட, ஆதார் ஜெராக்ஸ் எடுக்க, எக்ஸ்ரே ரூமில் நம்பர் வாங்க அனுப்புங்கள். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணின் கையில் போன் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருமுறை ஒரு பெண் பேசாமல் போனைக் கண்ணால் காட்டினாள். எடுத்துப் பார்த்தால் லைன் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று வயதுக் குழந்தை மடியில் இருந்தாலும் கவனம். "அம்மா டாக்டர்கிட்ட அழுதுச்சு" என்று அது போய்ச் சொல்லிவிடும். ஆயாம்மாவிடம் கொடுத்து ஒரு பிஸ்கட் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

திருப்பூர், ஈரோடு பக்கம் ஒடிசா, பீகார் குடும்பங்கள் நிறைய. மொழி தெரியவில்லை என்று வீட்டுக்காரரையே வைத்துப் பேசச் சொல்வது நடக்கிறது. அதைவிடக் கேடு வேறில்லை. இந்தி தெரிந்த ஒரு பெண் ஊழியரைக் கூப்பிடுங்கள். பக்கத்து அறை வாடகைக்காரர், ஒரே கம்பெனி சூப்பர்வைசர், இவர்கள் வேண்டாம்.

ஆயாம்மா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மிடம் வாயே திறக்காத பெண்கள் கழிவறையில் முகம் கழுவும்போது துப்புரவுப் பணியாளர் அக்காவிடம் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் பாதித் தகவல் எனக்கு அப்படித்தான் வந்தது. அவர்களையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்: கேட்டதை டியூட்டி சிஸ்டரிடம் மட்டும் சொல்லு, டீக்கடையில் சொல்லாதே. சின்ன ஊரில் ஒரு பேச்சு பஸ் ஸ்டாண்டுக்குப் போக அரை மணி நேரம் ஆகாது.

என்ன வார்த்தையில் கேட்பது

"உங்க மேல குடும்ப வன்முறை நடக்குதா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் சொல்ல மாட்டார்கள். அது பேப்பரில் வரும் வார்த்தை. நான் இப்படிக் கேட்பேன்: "இந்த மாதிரிக் காயத்தோட வர்றவங்ககிட்ட எல்லார்கிட்டயும் கேக்குறதுதான், உங்ககிட்டயும் கேக்குறேன். வீட்டுல யாராச்சும் கை நீட்டினாங்களா?" இல்லையென்றால், "வீட்டுல சண்டை வந்தா அவரு என்ன பண்ணுவாரு? சாமானை எறிவாரா, அடிப்பாரா?" எல்லாரிடமும் கேட்பதுதான் என்கிற முதல் வரி ரொம்ப உதவும். தன்னை மட்டும் பிடித்துக் கேட்கிறார்கள் என்கிற கூச்சம் அதில் போய்விடும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சிரிஞ்சை எடுப்பது, ரிஜிஸ்தரைப் புரட்டுவது எதுவும் வேண்டாம். சொல்ல ஆரம்பித்தால் நடுவில் குறுக்கிடாதீர்கள். "நீங்க சொல்றதை நம்புறேன்", "இது உங்க தப்பு இல்ல", இந்த இரண்டும் போதும். இதைச் சொன்னதும் அதுவரை வறண்டிருந்த கண்ணில் தண்ணீர் வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சொல்லக் கூடாதவற்றை நாம் எல்லோருமே சொல்லியிருக்கிறோம். "நீ என்ன பண்ணினே?" "குடிச்சிருந்தாரா?" "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." "இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தே?" "உடனே விட்டுட்டு வந்துடு." கடைசியாகச் சொன்னது நல்லெண்ணத்தில் வருவதுதான். ஆனால் வீட்டை விட்டு வெளியேறும் நேரத்திலும், வெளியேறிய சில வாரங்களிலும்தான் பல பெண்களுக்கு உயிராபத்து அதிகம். எப்போது போவது, போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். அந்த வீட்டின் கதவு எந்த நேரம் பூட்டும், மாமனார் எந்தப் பக்கம் நிற்பார் என்பது அவருக்குத்தான் தெரியும். முக்கியமாக, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நீங்கள் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். ஒரு டாக்டர் அப்படிக் கூப்பிட்டுக் கண்டித்தார். நல்ல மனிதர்தான். மூன்றாம் நாள் அந்தப் பெண் மறுபடி வந்தாள், இந்த முறை ஸ்ட்ரெச்சரில்.

கேட்டும் "இல்ல சிஸ்டர், விழுந்துதான் போனேன்" என்றால் விட்டுவிடுங்கள். "சரிம்மா. எப்பவாச்சும் அப்படி ஏதாச்சும் நடந்தா இங்க வந்து சொல்லலாம், ராத்திரி எத்தனை மணி ஆனாலும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

எழுதுவது

சொல்லிக் கொடுக்கும்போது இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். பேச்சு மறந்துபோகும், காயம் ஆறிப்போகும். மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் மிச்சம் இருப்பது ஏ.ஆர். தாளும் கேஸ் ஷீட்டும்தான்.

எங்கள் வழக்கத்தில் "தெரிந்த நபர் ஒருவரால் கையால் தாக்கப்பட்டதாக" என்று எழுதி முடித்துவிடுவோம். தெரிந்த நபர் என்றால் பக்கத்து வீட்டுக்காரரா, பால்காரரா? அவர் "என் வீட்டுக்காரர்" என்று சொன்னால் "தன் கணவர்" என்று எழுதச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதனால் அடித்தார் என்பதும் வேண்டும். கையாலா, பெல்ட்டாலா, தறிக்கட்டையாலா? அவர் சொன்ன வாக்கியத்தை, மேற்கோள் போட்டு, அவர் சொன்ன மாதிரியே நர்ஸ் நோட்ஸில் எழுதுங்கள். "நோயாளி அழுதார்" என்று எழுதலாம். "நாடகமாடுகிறார்" என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

காயத்தைப் பற்றி "கையில் காயம்" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். இப்படி இருக்க வேண்டும்: "இடது மேற்கையின் உள்பக்கம், முழங்கைக்கு 6 செ.மீ. மேலே, 4 x 2 செ.மீ. அளவில் கருநீலக் கன்றல்." பக்கம், இடம், அளவு, நிறம், வகை. அளவைக் கண்ணால் மதிக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் டிராயரில் கிடக்கட்டும். ஒரு மனித உருவம் வரைந்து காயங்களைக் குறித்தால் இன்னும் நல்லது. பழைய தழும்புகளையும் சேருங்கள். அவர் விழுந்ததாகவே சாதித்தாலும், காயம் அந்தக் கதையோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதை ஒரு வரியில் குறிக்க டாக்டரால் முடியும். அந்த ஒரு வரி 2008-ல் எழுதப்பட்டிருந்தால் என் தறிக்காரப் பெண்ணுக்குப் போதுமாயிருந்திருக்கும்.

ஏ.ஆர். போட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தகவல் போவது வேறு, புகார் கொடுப்பது வேறு என்பதையும் விளக்குங்கள். போலீஸ் வந்து கேட்கும்போது புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம். இதை மறைத்து எழுதிவிட்டு, மறுநாள் வீட்டு வாசலில் போலீஸ் நின்றால், அவர் உங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

நிறைய டாக்டர்களுக்கே தெரியாத ஒன்று. 2005 குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7-ஆம் பிரிவு, உதவி கேட்டு வரும் பெண்ணுக்கு மருத்துவ நிலையம் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. விதி 17 இன்னும் தெளிவு: வீட்டில் நடந்த வன்முறை பற்றி முன்பே அறிக்கை பதியவில்லை என்று காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அறிக்கை இல்லையென்றால் மருத்துவ நிலையப் பொறுப்பாளரே அந்த அறிக்கைக்கான படிவம் 1-ஐ நிரப்பி, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவ அறிக்கை நகலை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும். இலவசமாக என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள். காப்பிக்காக மூன்று முறை அலைந்து பஸ் காசு தீர்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும். அடி மட்டுமில்லை, வசவு, பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டை விட்டுத் துரத்துவது எல்லாமே அந்தச் சட்டத்தில் வன்முறைதான்.

இன்று ராத்திரி வீட்டுக்கு அனுப்பலாமா

உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் சில கேள்விகள் உண்டு. நான் அவற்றைத் தமிழில் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். கடைசி ஆறு மாதத்தில் அடி கூடியிருக்கிறதா? எப்போதாவது அரிவாள், கத்தி எடுத்தாரா, எடுப்பேன் என்று மிரட்டினாரா? கழுத்தை நெரித்தாரா? உன்னைக் கொன்றுவிடுவார் என்று உனக்கே தோன்றுகிறதா? வயிற்றுப் பிள்ளையோடு இருந்தபோது அடித்தாரா? ஓயாமல் சந்தேகப்படுகிறாரா? மூன்றுக்கு ஆமாம் என்று வந்தால் உடனடி ஆபத்து. அட்மிஷன் போட டாக்டரிடம் கேளுங்கள். "வயிற்று வலி, கவனிப்பில் வைக்கிறோம்" என்று வீட்டாரிடம் சொல்லலாம். ஒரு ராத்திரி கிடைத்தால் யோசிக்க ஒரு ராத்திரி கிடைக்கும்.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெரிக்கப்பட்ட கழுத்தில் வெளியே ஒரு தடமும் இல்லாமலும் இருக்கும். குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்கினால் வலிக்கிறதா என்று கேளுங்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். குண்டூசி முனை மாதிரிச் சிவப்புப் புள்ளிகள் இருக்கலாம். அந்த நேரத்தில் நினைவு தப்பியதா, சிறுநீர் போனதா? உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருந்தால் மணிக்கணக்கு, நாள் கணக்குக் கழித்துப் பக்கவாதம் வரலாம். தொண்டை மாத்திரை கொடுத்து அனுப்பும் விஷயம் இல்லை இது. ஒரு தடவை நெரித்தவர் பின்னால் கொலை வரை போவதற்கான வாய்ப்பு ரொம்ப அதிகம் என்பதையும் அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்குத்தான் போவேன் என்றால், போகிறவருக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக் நகல்கள், கொஞ்சம் பணம், ஒரு மாற்றுத் துணி, இதெல்லாம் நம்பிக்கையான ஒரு வீட்டில் இருக்கட்டும். சண்டை முற்றினால் சமையலறைக்குள் போகாதே, அங்கே கத்தியும் அடுப்பும் இருக்கிறது. வாசல் இருக்கிற அறைக்கு வா என்று சொல்லுங்கள். நோட்டீஸ் எதையும் கையில் கொடுக்காதீர்கள், பையில் கிடைத்தால் அதற்கும் அடி. பெண்கள் உதவி எண் 181 என்பதை மனப்பாடம் செய்ய வையுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையமான ஒன் ஸ்டாப் சென்டரின் நம்பரை "தையல் அக்கா" என்றோ "கேஸ் புக்கிங்" என்றோ போனில் பதிந்து கொடுங்கள்.

பாலியல் வன்முறை

சிகிச்சைதான் முதலில். எப்.ஐ.ஆர். இருக்கிறதா, போலீஸ் வந்ததா என்று கேட்டு நிறுத்தி வைப்பது குற்றம். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், போலீசுக்குத் தகவலும் தர வேண்டும் என்கிறது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு. ஆசிட் வீச்சுக்கும் இதுவே. மறுத்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 200-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லி கிராம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குள் கொடுங்கள், தாமதமாகிவிட்டாலும் ஐந்து நாள் வரை கொடுக்கலாம். தடயம் எடுப்பதற்கு முன் கழுவவோ துணி மாற்றவோ சொல்லாதீர்கள். மாற்றிய துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் அடைத்துப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். பரிசோதனையின் ஒவ்வொரு படிக்கும் சம்மதம் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி சொல்லி இன்னொன்றை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பரிசோதனையே வேண்டாம் என்றாலும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை எங்கேயும் இருக்கக் கூடாது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் அதை விலக்கியது. 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், அதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றே சொல்லிவிட்டது. பழைய அச்சடித்த படிவத்தில் அதற்கான கட்டம் இருந்தால் அந்தப் படிவத்தையே தூக்கிப் போடுங்கள்.

பதினெட்டுக்குக் கீழே

இங்கே உங்களுக்கு வேறு வழி இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19: தெரிந்தால் போலீசிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. குழந்தை பேச ஆரம்பிக்கும் முன்பே, "பாப்பா, நீ சொல்றதுல சிலதை நான் பெரியவங்ககிட்ட சொல்ல வேண்டியிருக்கும். உன்னைக் காப்பாத்தத்தான்" என்று சொல்லிவிடுங்கள். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், அம்மாவோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். அந்தப் பெரியவரே குற்றம் செய்தவராகவும் இருக்கலாம், அதனால் "யாரு கூட இருந்தா உனக்குப் பயமில்ல?" என்று குழந்தையிடமே கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால் ஆஸ்பத்திரித் தலைவர் ஒரு பெண்ணை நியமிப்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பதினேழு வயதில் கல்யாணமாகி, ஐந்து மாதக் கர்ப்பத்தில், கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்க வரும் பிள்ளைகள். போலீஸ் வரும் என்கிற பயத்தில் இப்போது வீட்டிலேயே, மருந்துக் கடையிலேயே கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டு ரத்தம் வடிய வருகிறார்கள். 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்காக வரும்போது கொடுக்கும் தகவலில் அவள் பெயர், அடையாளத்தை டாக்டர் வெளியிட வேண்டியதில்லை. தகவல் கொடுப்பது கட்டாயம், பெயர் கட்டாயமில்லை. இதைக் கிராம சுகாதார செவிலியர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் பயமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்.

யாரிடம் அனுப்புவது

181 பெண்களுக்கான உதவி எண். 1098 குழந்தைகளுக்கு. 14567 முதியோருக்கு, படுத்த படுக்கையான பாட்டிக்குப் புண் வைத்து, கையில் கட்டிய தடம் இருந்தால் அதுவும் வன்முறைதான். சட்ட உதவிக்கு 15100. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் பெரும்பாலும் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருப்பார். ஒன் ஸ்டாப் சென்டரில் 24 மணி நேரமும் போகலாம், ஐந்து நாள் வரை தங்கலாம், ஆலோசனையும் சட்ட உதவியும் கிடைக்கும். ஒரு நாள் லீவு போட்டாவது நீங்களே அங்கே போய், யார் இருக்கிறார்கள், ராத்திரி யார் போனை எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். "அங்க போம்மா" என்பதற்கும், "அங்க ஒரு மேடம் இருக்காங்க, நான் போன் பண்ணிச் சொல்றேன்" என்பதற்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு. மும்பையில் பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரிக்குள்ளேயே 2000 வாக்கில் திலாசா என்று ஒரு மையம் தொடங்கினார்கள், வெளியே எங்கேயும் அலைய வேண்டாம். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு அறை வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம்மில் ஒருவரும் அந்த 38 சதவீதத்தில் இருப்பார் என்பதையும் மறக்காதீர்கள். வெயில் காலத்திலும் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நைட் டியூட்டிக்கு வந்த ஒரு சிஸ்டரை நாங்கள் எட்டு மாதம் கேட்கவே இல்லை.

மறுபடி வரச் சொல்லுங்கள்

ஒரே நாளில் சொல்லிவிட மாட்டார்கள். டிரெஸ்ஸிங் ஒரு நல்ல சாக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் வாங்க, ஏழாம் நாள் தையல் பிரிக்கணும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் எந்த வீட்டிலும் தடுக்க மாட்டார்கள். டியூட்டி மாறும்போது அடுத்த சிஸ்டரிடம் "அந்தப் பொண்ணுகிட்ட தனியாப் பேசணும்" என்று வாயால் சொல்லுங்கள். எல்லோரும் புரட்டும் ரிப்போர்ட் புக்கில் எழுத வேண்டாம்.

போன சித்திரையில் தலையில் ஐந்து தையலோடு ஒரு அம்மா வந்தார். நிலைப்படியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். தனியாகக் கேட்டேன், இல்லை என்றார். பார்த்த காயத்தை அளந்து டாக்டர் எழுதினார், வரச் சொல்லி அனுப்பினேன். மூன்று முறை வந்தார், மூன்று முறையும் வெயிலைப் பற்றிப் பேசினோம். ஏழாம் நாள் மூன்றாவது தையலை வெட்டும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டே, "சிஸ்டர், அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே" என்றார்.

கத்தரியைத் தட்டில் வைத்தேன். திரையை இழுத்து மூடினேன். அவர் பேசி முடித்ததும் டாக்டரைக் கூப்பிட்டு வந்தேன். முதல் நாள் எழுதியதை அடிக்கவோ திருத்தவோ இல்லை. அதன் கீழேயே, அன்றைய தேதியும் நேரமும் போட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினோம். பிறகு மிச்சம் இருந்த இரண்டு தையலையும் பிரித்தேன்.